வெர்டெல் அனுப்பிய சிவப்புப் பொடி

மொபைல், அலபாமா
6 மார்ச் 1988

அன்புள்ள வெர்டெல் அக்காவுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? சபையில் இன்னும் நின்றுகொண்டேதான் பாடுகிறீர்களா? போனில் கேட்டிருப்பேன். ஆனால் நான் கத்துவது உங்களைத் தவிர ஊருக்கெல்லாம் கேட்கிறது. அந்தப் பருத்தி ஆலை உங்கள் காதைத் தின்றுவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் தம்பியைப் பற்றி நல்ல செய்தி எழுத ஆசைதான். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, நவம்பரிலிருந்து திங்கள், புதன், வெள்ளி ரத்தம் சுத்திகரிக்கும் மெஷினோடு கட்டிப்போட்டிருக்கிறார்கள். நாலு மணி நேரம். அதைக்கூட ஹோசியா பொறுத்துக்கொள்கிறார். சாப்பாட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த பட்டியலைக் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறேன். உப்பு கூடாது, தக்காளி கூடாது, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், பீன்ஸ், கீரை எதுவும் கூடாது. "பட்டியல்ல இல்லாதது வெறுஞ்சோறும் உன் மூஞ்சியுந்தான் லவி, ரெண்டையும் எத்தன நாளைக்குப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது?" என்கிறார். சிரிப்பு வருகிறது, பிறகு தட்டைப் பார்க்கிறேன். அப்படியே இருக்கிறது.

கப்பல் கட்டும் தளத்தில் இரும்புத் தகடு தூக்கிய மனுஷன். பெல்ட்டில் புதிதாக மூன்று ஓட்டை போட்டிருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அனுப்பிய சிவப்புப் பொடியை நான்தான் குப்பையில் கொட்டினேன். பாதிக்குமேல் உப்பு, வேறு என்ன செய்ய? அன்று முழுக்க ஹோசியா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நேற்று வேகவைத்த கோழியை முகர்ந்து பார்த்துவிட்டு, "அக்கா பொடி ஒரு சிட்டிகை இருந்தா இந்தச் செருப்பக்கூடத் தின்னுருவேன்" என்றார்.

அக்கா, உப்பே இல்லாமல் அந்தப் பொடியைச் செய்ய வருமா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் கேட்கிறேன்.

உங்கள்
லவீனியா


பெல் பையூ, மிசிசிப்பி
15 மார்ச் 1988

அன்பான லவீனியா,

கூச்சப்படுகிறாளாம் கூச்சம். முப்பது வருஷமாக என் தம்பியைச் சகித்துக்கொண்டிருக்கிறாய், ஒரு ஜாடி பொடிக்கா கூச்சம்?

உன் கடிதம் வந்த அன்றே ஆரம்பித்துவிட்டேன். பாப்ரிகா, பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி, காய்ந்த சிவப்பு மிளகாய், கறுப்பு மிளகு, வெள்ளை மிளகு, கடுகு, செலரி விதை, தைம் இலை, ஒரு கை நாட்டுச் சர்க்கரை. மிளகையும் விதையையும் இரும்புச் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, இடித்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு இரண்டு தரம் சலித்தேன். எல்லாம் வழக்கம்போல. உப்பை மட்டும் போடவில்லை. கெளுத்தி மீனில் தடவிப் பொரித்துப் பக்கத்து வீட்டுப் பர்விஸ் கிழவனுக்குக் கொடுத்தேன். ஒரு வாய் மென்றான். "வெர்டெல், எம்மேல என்ன கோவம்? சுவத்துச் சுண்ணாம்ப மீன்ல அப்பிக் குடுத்திருக்கியே" என்றான்.

அவன் சொன்னது சரிதான். உப்பு இல்லாவிட்டால் அந்தப் பத்துச் சாமானும் ஒன்றோடொன்று பேசாத சொந்தக்காரர்கள் மாதிரி தனித்தனியாக நிற்கின்றன. மிளகைக் கூட்டினேன், காரம்தான் கூடியது. எலுமிச்சைத் தோலைக் காயவைத்துப் போட்டேன், கசந்தது. மூன்று தடவை கொட்டினேன்.

வெள்ளிக்கிழமை டவுனுக்குப் போனபோது கடையில் ஒரு சின்ன டப்பா கண்ணில் பட்டது. உப்பு சாப்பிடக்கூடாதவர்களுக்கான உப்பு என்று போட்டிருந்தது. நாக்கில் வைத்தேன். கடைசியில் ஒரு கசப்பு, ஆனால் உப்பேதான். வாங்கி வந்து கலந்தேன். இந்தத் தடவை பர்விஸ் தட்டை வழித்து நக்கினான்.

இப்போது கவனமாகப் படி, இதை அடிக்கோடு போட்டு எழுதுகிறேன். டப்பாவின் பின்பக்கம் எறும்பு சைஸில் ஏதோ அச்சடித்திருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வைத்தியத்தில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. டப்பாவின் அட்டையைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் காட்டு. அவள் சரி என்று சொல்லும்வரை ஜாடியைத் திறக்காதே. வேண்டாம் என்றால் கொட்டிவிடு. நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன், வேறு வழி பார்ப்பேன்.

தம்பியிடம் சொல், பெல்ட்டில் ஓட்டை போட இனி இடமிருக்கிறதா என்று அக்கா கேட்டாள் என.

உன் அக்கா
வெர்டெல்


மொபைல்
28 மார்ச் 1988

அன்புள்ள அக்கா,

சாப்பிட்டார்! அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் கெளுத்தி பொரித்தேன். வாசம் வந்ததும் தானாக எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்துவிட்டார். இரண்டு முழு மீன். தலையைக்கூட விடவில்லை. முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிவைத்துவிட்டு, "எங்கக்கா பெல் பையூலேர்ந்து கைய நீட்டி ஊட்டிவிட்டுட்டா" என்றார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். நேற்றுக் காலை முட்டையில், ராத்திரி கோழியில், இன்று சோள ரவைக் கஞ்சியில்கூட தூவச் சொன்னார். ஜாடி பாதிக்கு வந்துவிட்டது. ஈஸ்டர் முடிந்ததும் இன்னொன்று அனுப்ப முடியுமா?

தானும் எழுத வேண்டும் என்கிறார், பேனாவைக் கொடுக்கிறேன்.

*அக்கா, எழுத்து கோழி கிண்டுனாப்பல இருக்கும். பொடி அருமை. பழசவிட ஒரு மாத்து கம்மிதான், ஆனா உங்கிட்ட அதச் சொல்லித் தப்பிக்க முடியுமா? மெஷின்ல பக்கத்து நாற்காலில ஒரு ஆளு ஒவ்வொரு தடவையும் தயிரு திங்குறான். அவனப் பாத்தா பாவமா இருக்கு. நீ நல்லா இரு. ஹோசியா.*

அன்புடன்
லவீனியா


பெல் பையூ
6 ஏப்ரல் 1988

லவீனியா, தம்பி, இரண்டு பேருக்கும்,

ஈஸ்டர் ஆராதனையில் உங்கள் கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். போதகர் கிரேடி எதற்காகச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார். என் தம்பி மீன் தலையைத் தின்றான் என்றேன்.

புது ஜாடி இதோடு வருகிறது. அதே கலவைதான், கொஞ்சம் தைம் கூட. நர்ஸ் என்ன சொன்னாள் என்று நீ எழுதவே இல்லையே? ஜாடி பாதி காலி என்றால் சரி என்றுதான் சொல்லியிருப்பாள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் அக்கா
வெர்டெல்


பெல் பையூ
2 மே 1988

லவீனியாவுக்கு,

தம்பியை மண்ணுக்குள் வைத்து இரண்டு வாரம் ஆகிறது. நீ மொபைலுக்குத் திரும்பிய பிறகு ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

அடக்கம் முடிந்து சபைக் கூடத்தில் சாப்பாடு நடந்ததே, அதையே மறுபடி மறுபடி நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் மீன் தட்டோடு நின்றேன். நீ எழுந்து வந்தாய். எனக்குத்தான் காது மந்தம், கூடத்தில் மற்ற எல்லாருக்கும் கேட்டது. "அவ கையால யாரும் எதுவும் வாங்கித் திங்காதீங்க. அவ பொடிதான் எம்புருஷன் நெஞ்ச நிறுத்திருச்சு. என்ன போட்டானு ஒரு வார்த்த சொல்லல." நீ சொன்னதைப் பிறகு பர்விஸ்தான் என் காதருகில் சொன்னான். நான் அந்த நேரத்தில் உன் வாயைப் பார்த்து, நீ பசிக்கிறது என்று சொல்வதாக நினைத்துத் தட்டை நீட்டினேன். நீ தட்டிவிட்டாய்.

அந்த டப்பா உப்பில் இருப்பது பொட்டாசியமாம். நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். ஹோசியாவுடையது தள்ளாது. ரத்தத்தில் ஏறி ஏறி இதயத்தைப் பிடித்து நிறுத்திவிடும். போதகர் இங்கே ஒரு டாக்டரிடம் கேட்டு வந்து சொன்னார். அப்படியென்றால் என் கையால்தான் போனான். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் சொல்லாமல் செய்தேன் என்கிறாயே. நான் எழுதினேன், லவீனியா. அட்டையைக்கூடக் கிழித்து வைத்தேன். நர்ஸைக் கேட்காமல் திறக்காதே என்று அடிக்கோடு போட்டேன். மார்ச் மாதக் கடிதம். இரண்டாவது ஜாடியோடும் கேட்டேன். அவற்றை எடுத்துப் பார். நான் பிரதி வைத்துக்கொள்கிறவள் இல்லை. எழுதியது எல்லாம் உன் வீட்டில்தான் இருக்கிறது.

உன்னைக் குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. அந்தத் துக்கத்தில் மறந்திருப்பாய். எடுத்துப் பார்த்து ஒரு வரி போடு.

உன் அக்கா
வெர்டெல்


மொபைல்
19 மே 1988

வெர்டெல்,

தேடினேன். நீங்கள் சொல்கிற வரி எதுவும் அதில் இல்லை. அட்டையும் வரவில்லை. உங்கள் கடிதங்களை எறிந்துவிட்டேன்.

இனி இதைப் பற்றி எழுத வேண்டாம். என்னால் முடியவில்லை.

லவீனியா


பெல் பையூ
17 அக்டோபர் 1988

லவீனியாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஐந்து மாதம் எழுதவில்லை. இன்று மட்டும்.

நீ போன பிறகு இங்கே நடந்ததைச் சொல்கிறேன். முதலில் ஜாடிகள் திரும்பி வந்தன. ஒவ்வொரு வருஷமும் சபையில் என்னிடம் பொடி வாங்குகிறவர்கள் வைத்துவிட்டுப் போனார்கள், யாரும் கதவைத் தட்டவில்லை. காலையில் திறந்தால் படியில் ஒன்று இருக்கும், மறுநாள் இரண்டு இருக்கும். பாதி தீர்ந்தது, திறக்காதது எல்லாம். வெறும் மிளகும் பழைய உப்பும் போட்டவை அவை, அவற்றில் ஒரு கெடுதலும் இல்லை. யாரிடம் போய்ச் சொல்வேன்? பதினெட்டு ஜாடியையும் வாய்க்காலில் கொட்டினேன். தண்ணீர் கொஞ்ச தூரம் சிவப்பாகப் போனது.

ஜூன் மாதச் சபை மீன் விருந்தில் எண்ணெய்ச் சட்டியை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். போதகர் நயமாகத்தான் சொன்னார், "நீங்க இந்த வருஷம் உக்காந்து இளைப்பாறுங்க சிஸ்டர்." நான் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. பர்விஸ் ஒருவன்தான் வந்து உட்கார்ந்தான். அவனும் ஆகஸ்டில் போய்விட்டான்.

நான் அடுப்பு மூட்டுவதை விட்டுவிட்டேன். ரொட்டியும் டப்பா மீனும்தான்.

உன் கடிதத்துக்குப் பிறகு எனக்கு ஒரு புத்திக் குழப்பம் வந்தது. அந்த வரியை எழுதியது எனக்கு நன்றாக நினைவிருந்தது. பூதக்கண்ணாடி நினைவிருந்தது. பிறகு, எழுத வேண்டும் என்று நினைத்துவிட்டு எழுதாமலே உறையை ஒட்டிவிட்டேனோ என்று தோன்றியது. அறுபத்தாறு வயது. அடுப்பில் வைத்ததை மறக்கிறேன், இதை மறந்திருக்க மாட்டேனா? தினமும் யோசித்து யோசித்து, பேனா பிடித்த கையே நினைவிலிருந்து போய்விட்டது. நீ பொய் சொல்கிறவள் இல்லை. அதனால் நான்தான் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

நேற்று ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றேன். "என் தம்பிய நான் கொன்னுட்டேன். என்ன போட்டேன்னு அவன் பெண்ஜாதிகிட்டச் சொல்லாம விட்டுட்டேன். அவ சொன்னது நெசம். என்னை மன்னிச்சிருங்க" என்றேன். கூடமே அழுதது. பெண்கள் வந்து கட்டிக்கொண்டார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு மனுஷக் கை என்மேல் பட்டது.

உன்னிடமும் கேட்டுக்கொள்கிறேன். என்னை மன்னித்துவிடு.

வெர்டெல் அக்கா


மொபைல்
21 நவம்பர் 1988

வெர்டெல் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு மாதமாகத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். சபையில் எழுந்து நின்று அப்படிச் சொன்னீர்கள் என்று படித்த அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதோடு மூன்று தாள் வைத்திருக்கிறேன். மார்ச் பதினைந்தாம் தேதிக் கடிதம். நீங்கள் கிழித்து அனுப்பிய அட்டை. ஏப்ரல் கடிதம். எறியவில்லை. எறிந்தேன் என்றதும் பொய், வரி இல்லை என்றதும் பொய். இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். பேனா அழுத்தியதில் தாள் கிழிந்தே இருக்கிறது.

நான் நர்ஸிடம் கேட்டேன் அக்கா. ஜாடி வந்த வாரம், வெள்ளிக்கிழமை, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அட்டையைக் காட்டினேன். அவள் பார்த்ததும் முகம் மாறியது. "இது இவருக்கு விஷம்மா. வீட்டுக்குப் போன கையோட கொட்டிருங்க" என்றாள். ஹோசியா நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து ஜாடியைக் குப்பைக்கு எடுத்துப் போனேன். வந்து கையைப் பிடித்தார். "வெச்சிரு" என்றார்.

"அவ சொன்னது கேக்கலையா உங்களுக்கு?"

"கேட்டுச்சு."

"செத்துப்போவீங்க."

"இப்ப என்ன பண்ணிக்கிட்டிருக்கேன் லவி? இதுவும் சாவுதான், பசியோட சாவு. ஒரு மாசமோ ரெண்டு மாசமோ, மனுஷனாட்டம் தின்னுட்டுப் போறேன். எங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிராத. கைய வெட்டிக்குவா."

ஜாடியைத் துணி துவைக்கும் மெஷினுக்குள் ஒளித்தேன், கண்டுபிடித்துவிட்டார். கோபப்படவில்லை. மேஜைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்தார். மறுநாள் மத்தியானம் நானே மாவில் கலந்து, நானே பொரித்தேன். சாப்பிட்டார் என்று உங்களுக்கு எழுதினேனே, அந்த மீன்தான். நான் சந்தோஷத்தில் அழுதேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

இரண்டாவது ஜாடி சனிக்கிழமை வந்தது. ஞாயிறு மூன்று வேளையும் கேட்டார், மூன்று வேளையும் போட்டேன். திங்கள் காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஒன்றைக் கட்டினார். மற்றதைக் கட்டவில்லை.

டாக்டர் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். "அவங்க அக்கா ஒரு பொடி அனுப்புனாங்க" என்று வாயில் வந்தது. பொய் இல்லையே. அதைச் சொன்னதும் யாரும் என்னை மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. எல்லாரும் தோளில் தட்டினார்கள். அப்புறம் அதை விடவே முடியவில்லை. உங்கள் சபையில் உங்களைப் பார்த்ததும், நீங்கள் அந்தத் தட்டோடு வந்ததும், எனக்குப் பயமாகிவிட்டது. கடிதத்தைப் பற்றி எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவீர்கள் என்று பயந்தேன். முந்திக்கொண்டேன்.

இந்தத் தாள்களைப் போதகரிடம் காட்டுங்கள். எல்லாருக்கும் வாசிக்கச் சொல்லுங்கள். என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். வரச் சொன்னால் வந்து அதே கூடத்தில் நின்று சொல்கிறேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

லவீனியா


பெல் பையூ
9 டிசம்பர் 1988

லவீனியா,

வந்து சேர்ந்தது. மூன்று தாளும் இருந்தன.

முதலில் என் கையெழுத்தைப் பார்த்தேன். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். எனக்குப் பைத்தியம் இல்லை, நான் எழுதியிருக்கிறேன். அந்த நிம்மதி உன் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும்வரை இருந்தது.

அவன் கேட்டதைக் கொடுத்தாய். அதில் உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் என் எதிரே உட்கார்ந்து அப்படிப் பார்த்திருந்தால் நானும் பொரித்துப் போட்டிருப்பேனோ என்னவோ. தெரிந்தே தின்றான் என்பதையும் ஒரு நாள் தாங்கிக்கொள்வேன்.

ஆனால் கூடத்தில் நீ என்னிடம் நடந்து வந்தபோது உனக்கு எல்லாம் தெரியும். நான் மே மாதம் எழுதிக் கெஞ்சியபோது என் கடிதம் உன் பெட்டிக்குள் இருந்தது. என் மூளையை நானே சந்தேகப்பட்டுக்கொண்டு இந்த வீட்டில் தனியாக நடந்த ஐந்து மாதமும் அது அங்கே இருந்தது. அதைத் தாண்டி வர எனக்கு வழி தெரியவில்லை. முயற்சி செய்து பார்த்தேன். உன் பெயரைச் சொல்லி ஜெபிக்க முழங்கால் போட்டேன், பாதியில் எழுந்துவிட்டேன்.

தாள்களைப் போதகரிடம் காட்டவில்லை. காட்டினால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். என்னைச் சிலுவையிலிருந்து இறக்கி உன்னை ஏற்றுவார்கள். அதோடு விட மாட்டார்கள். அவனும் தெரிந்துதானே தின்றான் என்பார்கள். ஹோசியா தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டான் என்பார்கள். அவன் கல்லறை மூன்றாவது வரிசையில், வழியோரமாக இருக்கிறது. ஆராதனை முடிந்து போகிறவர்கள் நின்று, நல்ல மனுஷன், பாவம், என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதை வேறு மாதிரி பேச விட எனக்கு மனசில்லை. அவர்கள் என்னை ஏற்கெனவே மன்னித்துவிட்டார்கள். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கியவள், அந்தக் குற்றத்தைச் சுமந்துகொண்டே இருந்துவிடுகிறேன்.

இது உனக்காக இல்லை. அப்படி நினைத்துவிடாதே.

மூன்று தாளையும், உன் கடிதத்தையும், அடுப்பில் போட்டுவிட்டேன். ஏப்ரலுக்குப் பிறகு இந்த அடுப்பில் மூட்டிய முதல் தீ அதுதான். இனி நீயே வந்து சொன்னாலும் காட்ட ஒன்றும் கிடையாது. வந்து சொல்லாதே.

அவன் பக்கத்தில் உனக்கென்று விட்ட இடம் அப்படியே இருக்கும். யாரும் தடுக்க மாட்டார்கள், நானும் தடுக்க மாட்டேன்.

எனக்கு எழுத வேண்டாம்.

வெர்டெல் மே ஸ்டாலிங்ஸ்